இங்கிலீஷில் சொன்ன முதல் பொய்

மூன்றாவது செமஸ்டரிலும் இங்கிலீஷில் அரியர்.
பதினான்காம் நம்பர் அறையில்
காதைக் கவ்வும் ஹெட்போனுக்குள்
யாரோ ஒருவன் சொல்லச் சொல்லத்
திருப்பிச் சொல்ல வேண்டும்.
லண்டனில் மழை. மிஸ்டர் பிரவுன் குடையைத் தேடுகிறார்.
ஜன்னலுக்கு வெளியே சேப்பாக்கத்தில்
வெயில் மண்டையைப் பிளக்கிறது.
மிஸ்டர் பிரவுனுக்கு என்னிடம் ஒரு வேலையும் இல்லை,
எனக்கும் அவரிடம்.

இங்கிலீஷ் வந்தால் ஓ.எம்.ஆரில் கண்ணாடிக் கட்டடம் என்றார்கள்.
வராவிட்டால் என்னவென்று சொல்லவில்லை,
பார்வையிலேயே தெரிந்தது.
காசிமேட்டில் மீன் ஏலம் விடும் என் அம்மா
ஒரே மூச்சில் நாற்பது விலை சொல்வாள்.
அவள் பெற்றவள் நான்
"மே ஐ கம் இன்" சொல்லி முடிப்பதற்குள்
வாசலிலேயே பீரியட் முடிந்துவிடும்.

பக்கத்து நாற்காலி ஸோதன்புயி.
ஐஸாலுக்கு மேலே ஏதோ ஒரு மலை.
"சைனாவா?" என்ற கண்டக்டரிடம்
சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு
அன்று முழுக்கப் பேசாமல் இருந்தவள்.
அவளுக்கும் அரியர்.
எங்கள் பேச்சு எல்லாம்
ஒரு சமோசாவைப் பிய்த்து
பெரிய பாதியை மற்றவள் பக்கம் தள்ளுவதுதான்.

அக்டோபரில் அவளுக்குக் காய்ச்சல்.
ராயப்பேட்டை ஜி.எச்.
தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
ரத்தம் கேட்டு ரஹ்மத்துன்னிசா
ஜாம்பஜாரில் தன் மாமன் மக்களை எழுப்பப் போயிருந்தாள்.
"பேஷண்ட் கூட யாரும்மா?" என்றார் நர்ஸ்.
நான்தான் என்றேன்.
சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அப்போது அவள் போன் அதிர்ந்தது.
திரையில் 'கா நு'.
அவள் பாஷையில் எனக்குத் தெரிந்த இரண்டே சொல்,
என் அம்மா.
எடுத்தேன்.

அந்தப் பக்கம் மழைச் சத்தம், ஒரு கோழி,
பிறகு ஒரு மூச்சு.
"ஹூ?"
"ஐ ஃபிரெண்ட்," என்றேன்.
ஆம், ஐயாம் இல்லை. ஏ இல்லை. ஹெர் இல்லை.
"ஷி ஃபீவர். நௌ லெஸ். டாக்டர் குட்.
மார்னிங் ஷி ஈட் இட்லி. ஒன்."
"இட்லி?"
உளுந்தை, ஆவியை, வட்டத்தை
எந்தச் சொல்லால் மலையேற்றுவது?
"ரைஸ்," என்றேன். "சாஃப்ட் ரைஸ். லைக் மூன்."

நீளமாய் ஒரு மௌனம்.
பேலன்ஸ் தீர்ந்துவிட்டதோ என்று பார்த்தேன்.
அம்மா அழுதுகொண்டே சிரித்திருக்கிறார்.
அவர் இங்கிலீஷும்
என்னுடையதைப் போலவே நொண்டியது,
இரண்டு நொண்டிகளும் தோள் பிடித்துக்கொண்டு
இரண்டாயிரம் மைலைக் கடந்தோம்.
வைக்கும் முன் கேட்டார்:
"யூ? யூ ஈட்?"

சாப்பிட்டியா என்று
எந்தப் பாடத்திலும் என்னை யாரும் கேட்டதில்லை.
மணி மாலை நான்கு.
காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை.
"எஸ் அம்மா," என்றேன். "ஃபுல்."

இங்கிலீஷில் நான் சொன்ன முதல் பொய் அது.
அதுவரை சொன்னதெல்லாம் உண்மை:
இது ஒரு பேனா, அது ஒரு மேஜை.
பொய் சொல்ல முடிகிற பாஷை
கொஞ்சம் நம்முடையதாகிவிட்டது என்று
வார்டு படிக்கட்டில் உட்கார்ந்து
பன்னைப் பிய்த்தபடி நினைத்தேன்.

மறுவாரம் பதினான்காம் அறையில்
ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டேன்:
"பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்,
இதை எப்படிச் சொல்றது?"
ரஹ்மத் திரும்பினாள். அவளிடமும் ஒன்று இருந்தது:
"எங்க பேரைக் கேட்டதும் வீடு இல்லைன்னீங்களே, ஏன்?"
சௌகார்பேட்டை ஹேமல்
மூன்று தலைமுறையாய்த் தமிழ் பேசுகிறவன்,
ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.
அன்று மிஸ்டர் பிரவுனுக்குக் குடை கிடைக்கவில்லை.

அந்த அரியரில் நாற்பத்தொன்று வாங்கினேன்.
புயி நாற்பத்து மூன்று, இளைத்த முகத்தோடு.
ரிசல்ட் பார்த்துவிட்டு வந்த சாயங்காலம்
வாலாஜா சாலையில் ஆட்டோக்காரர் இருநூறு என்றார்.
நான் வாயைத் திறப்பதற்குள் அவள்,
"இன்னாண்ணா, மீட்டர் போடு," என்றாள்.