கடைமடை

அணையில் திறந்த தண்ணீர்
எங்கள் மதகுக்கு வர ஒரு மாதம் ஆகும்.
சில வருஷம் வராது.
வந்த வருஷத்தில், ஆடி இருபத்தேழில்,
சருகையும் நுரையையும் ஒற்றைப் பிளாஸ்டிக் செருப்பையும்
முன்னால் தள்ளிக்கொண்டு
வாய்க்காலில் தவழ்ந்தது.
பக்கத்தில் நடந்தேன். பிறகு, ஏனென்று தெரியாது,
ஓடினேன்.
ஒன்பது மின்கம்பம். மூச்சு முட்டி நின்றேன்.
தண்ணீர் நிற்கவில்லை.

"சுகரா?" என்றார் டீக்கடை ரத்தினசபாபதி.
நாற்பத்து மூன்று வயதுக்காரி கரையில் ஓடினால்
சர்க்கரை, இல்லை புருஷன், இல்லை பேய்.
மறுத்து மறுத்துச் சலித்து
ஒருநாள் "இருநூற்று எண்பது" என்றேன்.
அதோடு விட்டார்கள்.

புரட்டாசியில் தஞ்சாவூர் போய் ஷூ வாங்கினேன்.
விலைச்சீட்டு அரிசி டின்னுக்குள் போனது.
ஐப்பசி மழையில் கரை வழுக்கி
இரண்டு முறை விழுந்தேன்.
கார்த்திகையில் நர்ஸ் ஜெயசீலி சேர்ந்துகொண்டாள்.
"மாசியில மாரத்தானாம்,
உன் பேருக்கும் பணம் கட்டிட்டேன்."
ஓடும்போதும் பேசுவாள்,
இருபதாவது கிலோமீட்டர் வரை.
மார்கழியில் முப்பது ஓடிய அன்று
என் பெருவிரல் நகம் கழன்று வந்தது.
வயலில் எறிந்தேன்.
"முளைக்கும்" என்றாள்.

கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுதுகிறவள்.
மாசியில் லீவு கேட்டால்
மூட்டைகளைத்தான் கைகாட்டுவார்கள்.
காட்டினார்கள்.
ஒரே ஒரு ஞாயிறு என்றேன்.

கல்லணை. விடியாத நாலரை மணி.
தையிலேயே அணையை மூடிவிட்டார்கள்,
காவிரி மணலாய்க் கிடந்தது.
அன்று அந்த வழியாகக் கிழக்கே போனது
நாங்கள் முன்னூறு பேர்தான்.

நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்வதில்லை.
தோகூர் பக்கம் முதல் பலகை வந்தது.
லாபம், என்றேன்.
ரெண்டு.
மூணு.
கோவிலடியில் வெளுத்தது.
திருக்காட்டுப்பள்ளியில் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார்கள்.
அங்கே நான் ஜெயசீலியை விட்டேன்,
அல்லது அவள் என்னை.

நடுக்காவேரிக்கு முன்னால்
பாதி ரோட்டில் நெல் காய்ந்தது.
எல்லோரும் சுற்றிப் போனார்கள்.
எனக்கு முடியவில்லை.
குனிந்து நாலு மணி எடுத்துக் கடித்தேன்.
ஈரம் பதினெட்டுக்கு மேல்.
"இன்னொரு வெயில் காட்டுங்க" என்றேன்.
கிளறிக்கொண்டிருந்தவர் என்னை
மேலிருந்து கீழே பார்த்தார்.
"நீங்க ஓடுங்கம்மா."

முப்பத்தாறை இரண்டு தடவை எண்ணினேன்.
மூட்டையாக இருந்தால்
சம்பளத்தில் பிடித்திருப்பார்கள்.

ஆம்புலன்ஸ் என் பின்னாலேயே ஊர்ந்தது.
"ஏறிக்கங்கம்மா, எல்லாரும் முடிச்சாச்சு."
டிரைவர் சட்டையில் தமீம் என்று இருந்தது.
தலையாட்டினேன், இல்லை என்று.
"எந்த ஊரு நீங்க?"
"பேராவூரணிக்குக் கிழக்க."
அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.
கொஞ்சம் இடம்விட்டு,
விளக்கை மட்டும் சுழலவிட்டு வந்தான்.

குடமுருட்டிப் பாலத்தில் ஏற்றம் உண்டென்று
பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரியாது.
அடுத்தது காவிரிப் பாலம்.
கீழே மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
"ஓடு, ஓடு, ஓடு!"
அவர்கள் ஆளைச் சொன்னார்கள்.
நான் ஓடினேன்.

திருவையாற்றில் கம்பளத்தைச் சுருட்டியிருந்தார்கள்.
வரவேற்பு வளைவு காற்றிறங்கி
எருமை மாதிரி படுத்திருந்தது.
ஜெயசீலி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு
வெறுங்காலில் நின்றாள். மணி பார்த்தாள்.
ஏழு மணி நேரம், பதினொரு நிமிஷம்.
"எத்தனை?" என்றாள், தெரியாதவள் போல.
"நாப்பத்திரெண்டு."
மேலே ஒரு நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் உண்டு,
அது கொசுறு.

தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ்
கிளம்பிக்கொண்டிருந்தது.
முதல் படிக்குக் கால் எழவில்லை.
இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி
வைத்தேன்.
கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி
ஊதாமல் நின்றார்.