வெள்ளைப் புள்ளி

பிப்ரவரி முழுக்க
மேயோ கடற்கரையைத் திரையில்
விரலால் நடந்தாள் சோர்கா.
சூரியன் எழும் கோணத்துக்கு
மஞ்சள் கோடொன்று இழுத்தாள்;
அது ஏரியைத் தாண்டி
ஒரு வெள்ளைப் புள்ளியில் முட்டியது.
பாறை என்றாள். பளிங்காய்க்கூட இருக்கலாம்.
படத்தின் முன்புறத்துக்கு அது போதும்.

டப்ளினில் மூன்று மணிக்கு எழுந்து,
வரைபடம் சொல்லாத மூன்று முள்வேலி,
முழங்கால்வரை சேறு,
போய்ச் சேர்ந்தால்

குளியல் தொட்டி.
ஒரு கால் உடைந்து சாய்ந்திருந்தது.
ஆடொன்று அதில் நீர் குடித்துக்கொண்டிருந்தது.

"என் கல்யாணத்துக்கு வாங்கினது"
கேட்காமலே சொன்னார்
வேலிக்கு அப்பாலிருந்து கோல்மன்.
"மாடிப்படி வளைவில் திரும்பவே இல்லை."

அவள் சிரித்து முடிப்பதற்குள்
மலைக்குப் பின்னிருந்து ஒளி
கோடு பிசகாமல் வந்து
தொட்டிக்குள் இறங்கியது.
ஆடு தலை தூக்கவில்லை,
வெயிலையும் சேர்த்துக் குடித்தது.

முக்காலி இன்னும் உறைக்குள்ளேயே.