எஸ்ஸுக்கு முன், எஸ்ஸுக்குப் பின்

ஃப்ளீட்வுட்டில், டிராம் திரும்பும் முனையில்
ஆர்மராட் சகோதரிகளின் சலவைக்கடை.
பலகையில் 'சிஸ்டர்ஸ்' என்ற சொல்,
கடைசி எஸ்ஸைத் தாண்டி, சற்று மேலே,
ஒரு கொக்கி.
அபாஸ்ட்ரஃபி என்று பெயர்.
பார்த்தால் மீன் மாட்டாத தூண்டில்முள்.

பின்னால் நின்றால் கடை இருவருக்கு.
முன்னால் வந்தால் ஒருத்திக்கு.
ஒரு விரற்கடை நகர்ந்தால்
பாகப்பிரிவினை முடிந்துவிடும் மொழி அது.

அறுபத்தோராம் வயதில் வினிஃப்ரெட்
டிராம் ஓட்டுநர் ஒருவரைக் கட்டிக்கொண்டு
கார்ன்வாலுக்குப் போனாள்.
இஸ்திரி மேஜையில் துண்டுச்சீட்டு:
"ஞாயிறு வருவேன்."
அவசரத்தில் கொக்கி போட மறந்திருந்தாள்.
அந்த மொழியில், 'நான் வருவேன்' என்பதன் கொக்கி உதிர்ந்தால்
முதல் சொல் 'சீக்கு' என்றாகிவிடும்.
ஹில்டா அப்படித்தான் வாசித்தாள்.
சீக்கு, ஞாயிறு வரும்.
வரட்டுமே என்றாள்.
இரண்டும் வரவில்லை.

நம்மிடம் உகரம் ஓடிப்போனால்
யாரும் அடையாளம் வைப்பதில்லை.
வீடு, இல்லை. வீடில்லை.
போன உயிரின் இடத்தில்
வந்த உயிர் ஏறி உட்கார்ந்துகொள்கிறது,
மெய்யும் ஒன்றும் சொல்வதில்லை.
இவர்களோ விழுந்த எழுத்துக்கெல்லாம்
நடுகல் நடுகிறார்கள்,
எறும்பு தூக்கிப்போகும் அளவில்.

மார்ச்சில் பெயிண்டர் லோதரைக் கூப்பிட்டாள்.
"கொக்கியை எஸ்ஸுக்கு முன்னால் வை."
போட எட்டு பவுண்டு, அழிக்கப் பன்னிரண்டு என்றான்.
அழிக்க எதற்கு அதிகம்?
"அழிப்பதில்தான் மேடம் வேலையே.
அடியில் இருப்பது மழைக்கு மழை எட்டிப் பார்க்கும்."

எட்டை மட்டும் எண்ணிக் கொடுத்தாள்.
பழையதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.
ஏணி வாங்கினாள்.
அது இன்னும் கொதிகலனுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கிறது,
அதில் யாருடையதோ போர்வை காய்கிறது.

இப்போது பலகையில் இரண்டு கொக்கி.
எந்த இலக்கணத்திலும் அது தப்பு.
சனிக்கிழமை சட்டை வாங்க வரும் பிக்கர்ஸ்டாஃப்,
கப்பல் கம்பெனியில் கடிதங்கள் திருத்தியவர்,
வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து
"ஒன்று அதிகம்" என்பார்.

"தெரியும்" என்பாள் ஹில்டா.
"காலருக்குக் கஞ்சி போடவா, வேண்டாமா?"