குழாய் கேட்பவர்

சாக்ஸைக் கழற்றி மடித்து
ஷூவுக்குள் வைத்தார் குராமோச்சி.
இரு கைக்கும் இரு கணுக்காலுக்கும் பட்டை கட்டினேன்.
காற்று ஏறி இறுகும்போது
அவர் மார்பிலிருந்து டிக், டிக்.
உலோக வால்வு.
இருபத்திரண்டு வருடமாக
அந்தச் சத்தத்தில்தான் மனைவி தூங்குகிறாராம்;
தங்கை வீட்டுக்குப் போனால் கண் மூடுவதில்லையாம்.

திரையில் எண் வந்தது.
நாடி அலை கணுக்காலைத் தொட
நொடிக்குப் பத்தொன்பது மீட்டர்.
நல்ல வேகமா, என்றார்.
நான் பதில் தேடுவதற்குள்
அவரே தலையசைத்தார்:
"இரும்புக் குழாயில் செய்தி சீக்கிரம் வந்து சேரும்.
பிளாஸ்டிக்கில் இழுத்து இழுத்து வரும்."
மிதோ நகரின் குடிநீர்ப் பிரிவு அவருக்கு.
வண்டிகள் அடங்கிய பின்
நடுத்தெருவில் கம்பியை ஊன்றிக் காதை வைத்து
மண்ணுக்கடியில் ஒழுகும் நீரைக் கண்டுபிடிக்கிற வேலை.

வயது அறுபத்தொன்று.
நாளங்களுக்கு எழுபத்தெட்டு என்கிறது இயந்திரம்.
தகப்பனும் மகனும்
ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததுபோல்.

எனக்குத் தெரிந்த கதை இவ்வளவுதான்:
தமனிச் சுவரில் ஒரு புரதம் காவல் இருக்கிறது.
சுண்ணாம்பு உள்ளே படியாமல் பார்ப்பது அதன் பாடு.
வைட்டமின் கே தொட்டால்தான் அதற்குக் கை முளைக்கும்.
தொடாவிட்டால்
வாசலில் நிற்கும், சம்பளம்கூட வாங்கும்,
எதையும் தடுக்காது.
சுண்ணாம்பு வரும்.
வெள்ளையடிக்க வந்த ஆள்போல் வந்து
வேலை முடிந்தும் போகாமல் உட்கார்ந்துவிடும்.

அந்த வைட்டமினைத்தான்
அவர் விழுங்கும் மாத்திரை மறிக்கிறது.
மறிக்காவிட்டால் வால்வில் ரத்தம் கட்டும்,
டிக் நின்றுபோகும்.
ஆகவே நாட்டோ கூடாது,
நாட்டோவுக்கே பேர்போன ஊரில்,
ரயில் நிலையத்தில் அதற்குச் சின்னம் வைத்த ஊரில்.

நான் ஓசாகாக்காரி.
அந்த நொதித்த சோயாவின் வாடை
லிஃப்டில் இருந்தால் படியேறிப் போகிறவள்.
யாரும் தடுக்காத எனக்கு அது வேண்டாம்.
வேண்டுகிறவர் வாய்க்கு டாக்டரின் பூட்டு.

"இந்த விறைப்பு அதனால்தானா?"
டாக்டர் கோமியா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்:
இருக்கலாம்.
புகைத்தது இருக்கலாம், உப்பு இருக்கலாம்,
அப்பா வழி இருக்கலாம்,
இதுவும் இருக்கலாம்.
அவர் கோபப்படவில்லை.
"ஒழுகல் எந்த இடம் என்று கேட்டால்
நாங்களும் அப்படித்தான் சொல்வோம்.
பிறகு தோண்டிப் பார்ப்போம்."
சொல்லிவிட்டுக் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார்.
இருவரும் சிரித்தோம்.
நான்தான் முதலில் நிறுத்தினேன்.

மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன்:
வண்டியில் அவர் மனைவி ஷிகேயோ.
கண்ணாடி நான்கும் இறங்கியிருந்தன, ஜனவரிக் குளிரில்.
வெள்ளைப் பெட்டியில் குச்சியை விட்டு
கிண்டிக் கிண்டி, நூல் நீள நீள,
திருடிபோல் அவசரமாகத் தின்றார்.
வாய் கொப்பளித்தார்.
பத்திரிகையை விசிறி
காற்றை வெளியே தள்ளினார்.

குராமோச்சி வந்து கதவைத் திறந்தார்.
உடனே ஏறவில்லை.
கதவைப் பிடித்தபடி, தலையைச் சாய்த்து,
நள்ளிரவுத் தெருவில் கம்பியோடு நிற்பதுபோல்
கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு கண்ணாடிகள்
ஒவ்வொன்றாக ஏறின.