கோழிக் கிறுக்கல்

டன்னிங்ஸ் ஃபோர்டில் அவர் எழுத்தை
வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.
மருந்துக்கடைக்காரனுக்கு அது பிழைப்பு.
மற்றவர்களுக்கு அது
மையில் கால் நனைத்த கோழி
காகிதத்தின் மேல் நடந்துபோன தடம்.

கோழி என்றதும் ஞாபகம் வருகிறது:
பாதிப்பேர் அவருக்குக் கோழியாகத்தான் கொடுத்தார்கள்.
பனிக்காலப் பிரசவத்துக்கு இரண்டு பெட்டை,
உடைந்த முழங்கைக்கு ஒரு மூட்டை சோளம்,
எதற்கென்றே தெரியாமல்
ஹ்ரூபெஷ் வீட்டார் தந்த சுவர்க் கடிகாரம்.
அது ஓடவே இல்லை.
எந்த நடுநிசியில் கதவைத் தட்டினாலும்
"நாலேகால்தானே ஆகிறது" என்று
பையை எடுப்பார் டாக்டர் லூமிர் ஷேபெக்.

1911 ஆகஸ்ட்.
ரயிலடித் தெருவில் மட்டும் ஒன்பது டைஃபாய்டு.
முகவரிகளை முதலில் கவனித்தது நான்தான் என்று
பின்னாளில் சொல்லித் திரிந்தேன். பொய்.
ஒரு சீட்டின் பின்பக்கம்
தெருவை வரைந்து, ஒன்பது புள்ளி வைத்து,
நடுவே ஒரு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்.
என்ன மருந்து இது என்று
கால் மணி நேரம் விழித்தேன்.

வட்டம், ஆல்வா ப்ரெண்டிஸின் குதிரை லாயத்துக் கிணறு.
ஊரிலேயே சில்லென்ற தண்ணீர்.
ப்ரெண்டிஸ்தான் மேயர்.
"அதைக் குடித்தே எனக்கு ஆறு பிள்ளைகள்" என்றார்.
பத்தாவது காய்ச்சல்
ஆறாவது பிள்ளை கோராவுக்கு.
இருபத்தொரு இரவுகள் அந்தக் கட்டிலருகே உட்கார்ந்தார் டாக்டர்.
அவள் பிழைத்தாள். முடி மொத்தமும் கொட்டியது.
கிணறு திறந்தே கிடந்தது.

கிணறு ஒன்றை மூட வேறு வழி தெரியாமல்
தேர்தலில் நின்றார்.
ஒரே ஒரு பேச்சு:
"நாக்கை நீட்டு என்றபோதெல்லாம் நீட்டினீர்கள்.
இந்த ஒரு தடவை கையை நீட்டுங்கள்."
பதினொரு வோட்டில் ஜெயித்தார்.
மூடிப் பலகை அறைந்த அன்று
ஆணி எடுத்துக் கொடுத்தவள் கோரா.
முடி காதுவரைதான் வளர்ந்திருந்தது.

நகரமன்றக் குறிப்பேட்டிலும் அதே கிறுக்கல்.
குமாஸ்தா திணறிப்போய் என்னை அழைத்தான்.
மாதத்தின் முதல் செவ்வாய்தோறும்
கடையைப் பூட்டி, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் போய்
தீர்மானங்களை வாசித்தேன்:
மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. சாக்கடைக் குழாய்.
பால் பரிசோதனை. வீட்டுக்கு நான்கு டாலர் வரி.
கோழியாகக் கொடுக்கலாமா என்றார் ஒருவர்.
யாரும் சிரிக்கவில்லை;
அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

ஒன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.
எழுதியிருந்ததை அப்படியே நான் வாசித்ததில்லை.
"இந்தக் கழுதைகளுக்குப் புரியாவிட்டாலும்" என்றிருந்தால்
"மாண்புமிகு உறுப்பினர்களின் ஆலோசனைப்படி" என்பேன்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.
அடுத்த மாதமும் கழுதைகள் வந்தன,
அதற்கடுத்த மாதமும்.
எனக்காகவே எழுதுகிறார் என்று பிடிபட
ஒரு வருஷம் ஆனது.

1918இல் தேவாலயத்தைப் பூட்டச் சொன்னார்.
பாதிரியார் முகம் கொடுத்துப் பேசவில்லை.
அப்படியும் இறந்தவர்கள் முப்பத்தொரு பேர்,
அதில் ஒருத்தி ருஷேனா ஷேபெக்.
அந்தச் செவ்வாய்க்கிழமை வாசிக்க எழுந்தேன்.
பக்கம் வெள்ளையாக இருந்தது.
எழுந்தவன் உட்கார்ந்தேன்.

பத்தொன்பது வருஷம் மேயர்.
பிறகு மூட்டுவலி, சாய்வு நாற்காலி.
ஒரு ஜனவரியில் பையன் சீட்டுக் கொண்டுவந்தான்.
விளக்கில் பிடித்தேன், தலைகீழாய்ப் பார்த்தேன்.
வாழ்நாளில் முதல்முறை ஒன்றும் விளங்கவில்லை.
வழக்கமான இருமல் மருந்தைக் கலக்கி அனுப்பினேன்.

சீசா திரும்பி வந்தது, மூடி திறக்காமல்.
கூடவே இன்னொரு காகிதம்.
குண்டு குண்டாய், அச்சில் வார்த்தாற்போல் எழுத்து;
பள்ளிப் பிள்ளைகூட வாசிக்கலாம்:

"மடையா, மருந்துச் சீட்டில்லை.
சீட்டாட வா என்றேன்."

பாவி மனுஷன்.
கடையை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.
கட்டைக் கலைத்துப் போட்டு
என் கையையும் பிரித்து வைத்திருந்தார்.
மணி நாலேகால்தான் ஆகியிருந்தது.