ஸ்டிக் பழுது

இடப்பக்கம் தானா இழுக்குது எண்டு
அஜ்வத் கொண்டுவந்து தந்த கொன்சோல்.
திறந்து, துடைச்சு, புது ஸ்டிக் போட்டு
நடக்குதோ எண்டு பாக்கத்தான் தொடங்கினது.

அவன்ர கணக்கைத் தொடாமல்
பக்கத்தில புதுசா ஒண்டு. பேர் கேட்டுது.
'கடை' எண்டு அடிச்சன்.

புல்லுக்குள்ள வால் ஒண்டு ஆடிச்சு.
ஆறு பந்து எறிஞ்சு ஆறும் கல்லில.
ஏழாவதில அகப்பட்டது
பாசி பிடிச்ச தவளை மாதிரி ஒண்டு.
லெவல் மூண்டு.
மத்திய வீதியில இரவு பத்தரைக்கு
நான் தனியக் கத்தினன்.

பிறகு மலை. பாலம்.
பாலத்துக்கு முன்னால கை தன்பாட்டில
சட்டைப் பைக்குப் போச்சு,
அடையாள அட்டைக்கு.
ஒருத்தரும் மறிக்கேல்லை.
போகலாமாம், எங்கையும்.

லெவல் அறுபது எருமை ஒண்டு
ஒரு மிதியில முடிச்சு
தொடங்கின இடத்திலயே கொண்டுவந்து விட்டுது.
திரும்பப் போனன். திரும்பவும் மிதி.
காலமை குடுக்கவேண்டிய மூண்டு போன்
வயிறு திறந்தபடி மேசையில.

ஷட்டரை இழுக்கேக்க
கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு
வாசலில லஞ்ச் ஷீட் நக்கிக்கொண்டு நிண்டுது.
என்ர பெருவிரல் அசைஞ்சுது.
மான் அசையேல்லை.

வெள்ளி ஜும்மா முடிய அஜ்வத் வந்தான்.
ஆயிரத்து எண்ணூறு.
"இப்ப இழுக்காதே?"
"இழுக்காது."
ரெண்டாவது கணக்கை அழிக்கேல்லை எண்டதைச்
சொல்லேல்லை.

தவளை மலை உச்சியில நிக்குது.
சாப்பாடு குடுத்துத்தான் விட்டனான்.