மறுபடியும் நீர்த்துவிட்டது

இரவு கரண்டியில் நின்ற குழம்பு
காலையில் கரண்டியை விட்டு ஓடுகிறது.
மூன்றாவது வாரம் இது.

முரோரானில் பனி பாதி ஜன்னல் ஏறிவிட்டது.
உருக்காலையில் எனக்கு ஆறு மணி ஷிப்ட்.
கயோவுக்கு செண்டாய்க்கு மாற்றல் வந்ததிலிருந்து
இந்த அடுப்பும் நானும்
ஒருவருக்கொருவர் பழகிக்கொண்டிருக்கிறோம்.

முதல் மாதம் அடிப்பிடித்தது.
சுரண்டினேன். கருகல் முழுக்க மேலேறிக்கொண்டது.
(சுரண்டாதே, மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்று,
அடியில் கிடப்பதை விட்டுவிடு.
போனில் இதைச் சொன்னபோது கயோ
குழம்பைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.)

அடுத்த மாதம் கட்டி கட்டியாக.
கொதிக்கிற நீரில் மசாலாக்கட்டியைப் போட்டால்
மேல்தோல் வெந்து, உள்ளே மாவு மாவாகவே நிற்கும்.
அடுப்பை அணை. கொதி அடங்கட்டும். பிறகு போடு.
அணைத்துவிட்டுக் காத்திருப்பது
உருக்காலைக்காரனுக்குக் கஷ்டம்.
நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் உலை அணைந்ததில்லை.

காரம் மிஞ்சிய நாளில் ஆப்பிளைத் துருவிப் போட்டேன்.
கிழங்கு கரைந்த நாளில்
கிழங்கே போடவில்லை என்று சாதித்தேன்.
ஷுன்பெய் மறுக்கவில்லை.
பதினாறு வயது.
தட்டோடு அறைக்குள் போவான்,
பிறகு வெறுந்தட்டு மட்டும் கதவுக்கு வெளியே இருக்கும்.

ஆனால் இந்த நீர்ப்பு மட்டும் பிடிபடவில்லை.
மாவைக் கூட்டினேன். தண்ணீரைக் குறைத்தேன்.
இரவு சாந்து. காலையில் கழுநீர்.
குழம்பு ஏன் இப்படி ஆகிறதென்று
நான்தான் குழம்பினேன்.

கீழ்வீட்டு ஒனோதேரா
பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.
பனி வாரும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:
"ருசி பார்க்கிறது யார்?"
நான்.
"எதால்?"
கரண்டியால்.
"வாயில் வைத்த கரண்டி திரும்பப் பானைக்குள் போகிறதா?"
போகிறது.
"அப்புறம் என்ன? எச்சில் மாவைத் தின்றுவிடும்.
வெதுவெதுப்பு இருந்தால் விடியவிடியத் தின்னும்."

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள்.
அகப்பையில் இருப்பதும் சட்டிக்குள் போகும் என்று
யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று முதல் தனி ஸ்பூன்.
கிண்ணத்தில் கொஞ்சம் விட்டு, ஊதி, நாக்கில் வைத்து,
ஸ்பூன் நேராகக் கழுவுகிற தொட்டிக்கு.
சத்தியமாக.

காலையில் கழுநீர்.

அடுத்த வெள்ளி
ஆறட்டும் என்று பானையை அடுப்பிலேயே விட்டு
குளிக்கப் போனேன்.
கழுத்துவரை வெந்நீர். விளக்கை அணைத்திருந்தேன்.
கூடத்துத் தரைப்பலகை ஒருமுறை முனகியது.
பிறகு மூடி நகரும் சத்தம்.
அவ்வளவு மெதுவாகத் திருடன்கூடத் திருட மாட்டான்.
கரண்டி பானையைத் தொட்டது.
நின்றது.
மறுபடி தொட்டது.
நாலு தரம் எண்ணினேன்.

அன்று இரண்டு தட்டு சாப்பிட்டவன்.
பசியில்லை அது.

வெந்நீர் ஆறும்வரை நான் வெளியே வரவில்லை.

அதற்கடுத்த வெள்ளி, அடுப்பருகே
ஒரு கிண்ணமும் இரண்டு ஸ்பூனும் வைத்தேன்.
எதுவும் சொல்லவில்லை,
எச்சிலைப் பற்றியோ மாவைப் பற்றியோ.
சமையலறை விளக்கு எரியட்டும் என்று விட்டேன்.

திரும்பி வந்தால்
ஒரு ஸ்பூன் ஈரமாகக் கவிழ்ந்திருந்தது.
ஃப்ரிட்ஜ் கதவில், கயோ வரும் ரயில் நேரங்களுக்குக் கீழே,
பென்சிலில்:

கேரட் வேகல.

கரண்டியைச் சாய்த்தேன். குழம்பு நின்றது.
ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன்
(எந்த ஸ்பூனால் என்று நினைவில்லை).
நறுக்கென்றது.
உண்மைதான், வேகல.

மணி பதினொன்று.
காலை ஆறுக்கு ஷிப்ட்.
அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.